ஆயிரம் ரூபாய் ஜெர்மன்

இணையத்தில் எந்தப் படிப்பிலும் சேருவதில் எனக்கு நிகர் நானேதான். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் தட்டினால் போதும், உலகத்தின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் என்னை வாங்க வாங்க என்று உள்ளே விட்டுவிடுகின்றன. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் கேட்பதில்லை. டி.சி., கண்டக்ட் சர்டிஃபிகேட் எதுவும் வேண்டாம். பணி ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் தீபாவளிக்குள் நான் ஸ்பானிஷ், ஜப்பானியம், அரபி, கொரியன் நான்கிலும் மாணவனாகிவிட்டேன். 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்கிற பாணியில் வந்த மடல்களையெல்லாம் அச்செடுத்து ஒரு ஃபைலில் கோத்து வைத்தேன். அரசாங்கக் கணக்குப் பிரிவில் ஆயுசு பூராவும் குப்பை கொட்டியவனுக்கு ஃபைல் இல்லாமல் எந்தப் படிப்பும் மண்டையில் இறங்காது.

சேர்ந்த பிறகுதான் சிக்கல். முதல் வீடியோவில் பேராசிரியர் சிரித்த முகத்தோடு பாடத்திட்டத்தை விளக்குவார். ஒரு நிமிடம் விடாமல் பார்ப்பேன். இரண்டாவது வீடியோவில் அவர் பாடத்தையே ஆரம்பித்துவிடுவார். அங்கேதான் எங்களுக்குள் மனக்கசப்பு.

"கொரியன் எதுக்குங்க?" என்று என் மனைவி வசந்தா கேட்டாள்.

"ஃப்ரீயா குடுக்கறாங்க."

"ஓசின்னா பினாயிலைக்கூடக் குடிப்பாங்கன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீரை ஆயப் போய்விட்டாள்.

இந்தத் திறந்த இணையப் படிப்புகளுக்கு 'மூக்' என்று பெயர் வைத்தது 2008-ல், கனடாவில். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். மறு ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் எல்லாம் வந்துவிட்டன. நம் ஐஐடிகள் அதற்கும் முன்பே, 2003-ல், என்பிடெல் என்று ஆரம்பித்திருந்தன. மத்திய அரசின் ஸ்வயம் 2017-ல் வந்தது. உள்ளே போகிற கதவுக்குக் குறைச்சலே இல்லை. போனவர்கள் மறுபக்கமாகப் படித்துவிட்டு வெளியே வருகிறார்களா என்று ஜஸ்டின் ரைக்கும் இன்னொருவரும் எம்ஐடி, ஹார்வர்டு பாடங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2019-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 2017-18-ல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். இதைப் படித்தபோது எனக்கு உண்டான நிம்மதி சொல்லி மாளாது. மீதித் தொண்ணூற்றாறு பேரில் நான் ஒருவன். இவ்வளவு பெரிய கூட்டத்தில் இதற்கு முன் நான் இருந்தது சமயபுரம் பூச்சொரிதலில்தான்.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் நூற்றுக்கு 46 பேர் முடித்திருந்தார்கள். அந்த வரியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை வசந்தாவிடம் வாசித்தும் காட்டவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு இந்த வியாதி பரம்பரை. அப்பா வாலிபத்தில் வாங்கிய, முப்பது நாளில் இந்தி கற்றுத்தரும் புத்தகம் ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. ஐந்தாம் நாள் வரை பென்சிலால் அடிக்கோடு, ஓரத்தில் குறிப்பு. ஆறாம் நாள் பக்கத்தில் ஒரு காபிக் கறை. ஏழாம் நாள் முதல் முப்பதாம் நாள் வரை தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அப்பா கடைசி வரை "இந்தி எனக்கு ஓரளவு வரும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நாள் அளவு.

மற்ற மொழிகளையெல்லாம் விட்டுவிட்டு நான் ஜெர்மனைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பேத்தி. மகளும் மருமகனும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார்கள். மருமகனுக்குக் கார் கம்பெனியில் வேலை. அந்த ஊரில் வேறென்ன வேலை இருக்கும். பேத்தி யாழினிக்கு நாலு வயசு. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் ஜெர்மன். 'கீட்டா' என்கிறார்கள் அந்த அங்கன்வாடியை. வீடியோ அழைப்பில் என்னிடம் "தாத்தா, சாப்ட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, உடனே திரும்பி மடியிலிருக்கும் பொம்மையிடம் ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொல்வாள். பொம்மை பதில் பேசாது. ஆனால் இரண்டு பேரும் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. என்ன சொல்கிறாள் என்று மகளைக் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். ஒண்ணுமில்லாததை அவ்வளவு நேரம் யாரும் பேசுவதில்லை.

டுவோலிங்கோவில் தொடங்கினேன். குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆனும் அவருடைய மாணவர் செவரின் ஹாக்கரும் சேர்ந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் உண்டாக்கியது. 2012-ல் எல்லோருக்கும் திறந்தார்கள். கோணல்மாணலான எழுத்தைக் காட்டி 'நீ மனுஷன்தானா, நிரூபி' என்று நம்மைப் பாடாய்ப் படுத்திய ரீகேப்சாவும் வான் ஆன் கண்டுபிடிப்புதான். மனிதன்தானா என்று சோதித்தவர் இப்போது ஜெர்மன்காரன்தானா என்று சோதிக்கிறார். அதில் ஒரு பச்சை ஆந்தை. தினம் ஒரு பாடமாவது முடித்தால் நெருப்புச் சுடர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் தவறினால் பூஜ்யம். ஜெர்மன் மேல் எனக்கிருந்த பற்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த எண்ணின் மேல் போய்ச் சேர்ந்தது. இரவு பதினொன்றே முக்காலுக்குப் பதறி எழுந்து, கண்ணாடிகூடப் போடாமல், ஏற்கெனவே படித்த மிகச் சுலபமான பாடத்தைத் திரும்பப் படித்து எண்ணைக் காப்பாற்றிவிட்டுப் படுத்துக்கொள்வேன். எண்ணைக் காப்பாற்றுகிற வித்தை முழுக்கக் கைவந்தது. ஜெர்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வசந்தாவின் அண்ணன் மகன் கல்யாணத்தில், முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில், சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதே என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடத்தைத் திறந்தேன். சுற்றிலும் கெட்டிமேளம் முழங்கியதால் ஒலி எவ்வளவு வைத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. தாலி கட்டி முடிந்து மேளம் சட்டென்று நின்ற அந்த ஒரு நொடியில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு ஜெர்மானியப் பெண்மணி 'குட்டன் மோர்கன்' என்று காலை வணக்கம் சொன்னாள். மணமகனே திரும்பிப் பார்த்தான். வசந்தா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதனால் மாலையில் இன்னும் இரண்டு பாடம் முடிக்க முடிந்தது.

உச்சரிப்புக்கென்று தனியாக இன்னொரு செயலியை இறக்கினேன்; அதன் பெயர் வேண்டாம். அது ஒரு வார்த்தை சொல்லும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியென்றால் பச்சை டிக், தப்பென்றால் சிவப்பு வட்டம். ஜெர்மனில் 'நான்' என்பதற்கு 'இஷ்' என்கிறார்கள். 'ஷ்' என்றும் இல்லாமல் 'ஹ்' என்றும் இல்லாமல் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் காற்றை நசுக்கி விட வேண்டும். நானும் நசுக்கினேன். சிவப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்கினேன். சிவப்பு. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னேன், அதற்கும் சிவப்பு. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. உடனே பச்சை டிக் விழுந்து, வண்ணக் காகிதங்கள் பறந்து, 'மிகச் சிறப்பு' என்று வந்தது.

"யாருக்குங்க சிறப்பு?" என்றாள் வசந்தா உள்ளேயிருந்து.

"குக்கருக்கு."

"அப்ப அதையே அனுப்புங்க ஸ்டுட்கார்ட்டுக்கு."

உச்சரிப்பாவது பரவாயில்லை. ஜெர்மனில் உயிரில்லாத பொருளுக்கெல்லாம் ஆண், பெண், இரண்டுமற்றது என்று பால் உண்டு. அதற்குக் காரண காரியம் கிடையாது. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமற்றது. மார்க் ட்வைன் 1880-ல் இந்த மொழியை வைது ஒரு கட்டுரையே எழுதினார். இளம்பெண்ணுக்கு இல்லாத பெண்பாலை டர்னிப் கிழங்குக்குக் கொடுத்திருக்கிறார்களே என்பது அவருடைய ஆதங்கங்களில் ஒன்று. உயர்திணை, அஃறிணை என்று ஒரே வெட்டாக வெட்டிப் பழகிய நமக்கு இன்னும் எரிச்சல் வரும். மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று பாடநூல்களில் நிறம் பிரிப்பார்கள். நானும் மூன்று நிறத்தில் ஒட்டுச்சீட்டு வாங்கி வந்து, பெயரெழுதி, வீட்டிலிருக்கிற சகல சாமானிலும் ஒட்டினேன்.

"ஸ்பூனுக்கு எதுக்கு நீலம்?"

"அது ஆண்."

வசந்தா அந்த ஸ்பூனைக் கையிலெடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த வீட்டு அடுப்படியில வேலை செய்யற ஒரே ஆம்பளை இதுதான்" என்று சொல்லி ரசத்தில் போட்டாள்.

சிலிண்டர் போட வந்த பையன் கூடத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான். பீரோவில் சீட்டு, கட்டிலில் சீட்டு, டிவியில் சீட்டு, கடிகாரத்தில் சீட்டு. குரலைத் தாழ்த்தி, "என்ன சார், ஜப்தியா?" என்றான். இல்லைப்பா, ஜெர்மன் படிக்கிறேன் என்றேன். அவன் முகத்தில் இருந்த அனுதாபம் குறையவில்லை. அன்று கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்காமல் போனான்.

பாதகம் வேறு இடத்திலிருந்து வந்தது. வீட்டு வேலைக்கு வரும் செல்வி கெட்டிக்காரி. தூசு துடைக்கும்போது சீட்டுகளையெல்லாம் உரித்தெடுத்து, துடைத்து முடித்ததும் ஒன்று விடாமல் திரும்ப ஒட்டிவிட்டாள். எங்கே இடம் இருந்ததோ அங்கே. அதன்பின் நான் கண்ணும் கருத்துமாகப் படித்தது முழுக்கச் செல்வியின் ஜெர்மன். பலன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. யாழினியிடம் கம்பீரமாக, ஐஸ்கிரீம் ஃப்ரிட்ஜில் இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டேன். அவள் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல தாத்தா, வெளியில ஸ்னோதான் இருக்கு" என்றாள்.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அட்டைக்கு மாறினேன். இந்த விஷயத்தின் பூர்வீகம் ஜெர்மனிதான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே உண்டாக்கி, தானே நெட்டுருப் போட்டு, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகம் போட்டார். மறக்கப் போகிற சமயம் பார்த்து மறுபடி படித்தால் நிற்கும் என்பது அந்த வழியில் வந்த பாடம். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் அதற்கு ஓர் அட்டைப்பெட்டி முறை சொன்னார்: தெரிந்த அட்டை பின் அறைக்கு, தெரியாதது முன் அறைக்கு. போலந்தில் பியோத்தர் வோஸ்னியாக் 1987-ல் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு மருத்துவ மாணவர்கள்கூட வைத்திருக்கும் ஆன்கி 2006-ல் வந்தது. காசில்லாமல் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். இதை வசந்தாவுக்கு விளக்கியபோது, "மறதிக்கே கிராஃப் போட்டிருக்காரா? நம்ம வீட்டுக்கு வந்திருந்தா பேப்பர் பத்தியிருக்காது" என்றாள். கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், என் அனுபவத்தில் வார்த்தை தங்கியதென்றால் இந்த அட்டையால்தான். ஆந்தைக்கு அழகு அதிகம். அட்டைக்கு வேலை அதிகம். எபிங்ஹவுஸ் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், பார்க்க வேண்டிய அட்டைகள் மலையாகக் குவிந்திருப்பதைக் கண்டு செயலியையே மறந்துவிடத் தோன்றும்.

பிறகு செயற்கை நுண்ணறிவிடமே பேசிப் பழகலாம் என்று மருமகன் யோசனை சொன்னார். கணினியிடம் மொழி கற்பதொன்றும் புதிதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினித் திட்டத்தில் ரஷ்ய மொழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 1972-லேயே அதற்குத் தொடுதிரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துக் கணினி சரி, தப்பு என்று சொல்லும். இந்தக் காலத்தது தப்பு என்று சொல்லவே கூச்சப்படுகிறது. நான் வினையை விழுங்கி, பாலை மாற்றி, இடையில் ஒரு தமிழ்ச் சொல்லையும் செருகி ஒரு வாக்கியம் சொன்னால், "அருமையான முயற்சி! ஒரே ஒரு சிறு திருத்தம்" என்று ஆரம்பித்து முழு வாக்கியத்தையும் மாற்றி எழுதுகிறது. எந்தப் புடவையை எடுத்துத் தோளில் போட்டாலும் 'உங்களுக்குன்னே நெஞ்சது மேடம்' என்கிற ஜவுளிக்கடைக்காரர் மாதிரி. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. என் பெண்டாட்டி இத்தனை வருஷத்தில் என்னை இத்தனை முறை பாராட்டியதில்லை.

இந்த இடத்தில் வசந்தாவின் இந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தக்ஷிண பாரத் இந்தி பிரசார சபா 1918-ல் சென்னையில் தொடங்கியது. அரசியலில் இந்தி என்னென்னவோ ஆனபோதும், நம் ஊர்த் தெருக்களில் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். வசந்தா ராஷ்ட்ரபாஷா வரை பாஸ். அவளுக்கு ஆப் இல்லை, அட்டை இல்லை, பறவை இல்லை. ஒரு டியூஷன் டீச்சர் இருந்தார், அவர் கையில் ஓர் அடிஸ்கேல் இருந்தது, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை இருந்தது, மாதம் பிறந்தால் ஃபீஸ் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வருவார் என்கிற பயம் இருந்தது. ஃபீஸ் கட்டிய மாமனார் சும்மா விடுவாரா? இன்றைக்கும் வடக்கே கோயில் குளம் என்று போனால் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது அவள்தான். பின்னால் மூட்டைகளோடு நிற்பது நான்.

ஜெர்மனியின் டாய்ச்செ வெல்லெ ஒலிபரப்பு நிறுவனம் 'நீகோஸ் வேக்' என்று ஒரு படத்தொடரையே பாடமாக எடுத்து இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து நீகோ என்ற பையன் ஜெர்மனிக்கு வந்து இறங்குகிறான், விமான நிலையத்திலேயே பையைத் தொலைத்துவிடுகிறான். ஒவ்வொரு துண்டுக் காட்சிக்குப் பின்னும் பயிற்சிகள். இதுவரை நான் பார்த்த பாடங்களில் இது உயர்ந்த ரகம், சந்தேகமில்லை. வேலை மெனக்கெட்டுக் கதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூடத்தில் பெரிய டிவியில் போட்டதுதான் வினை. இரண்டாம் நாளே வசந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்காவும் வந்துவிட்டார்.

"பை கிடைச்சுதாங்க?"

"இரு, கோடிட்ட இடம் நிரப்பிட்டு வரேன்."

"அதெல்லாம் அப்புறம் நிரப்பிக்கலாம். அடுத்ததைப் போடுங்க."

அவர்கள் இருவரும் பயிற்சியையெல்லாம் தாண்டிக் குதித்து, நான் ஏ1-ல் தடவிக்கொண்டிருந்தபோதே பி1 வரை போய், சிரியாவிலிருந்து வந்த செல்மா என்ற பெண்ணுக்காக மனம் வருந்திக்கொண்டிருந்தார்கள். ஏ1 என்பது அடிப்படி. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வகுத்த ஏணியில் உச்சி சி2. நம் பக்கத்திலிருந்து நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகிற பிள்ளைகள் பி2 வரை ஏறுகிறார்கள். எட்டு மணி நேர வேலையும் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்கள் எப்படித்தான் ஏறுகிறார்களோ. பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் ஏறுகிற எனக்கே மூச்சு வாங்குகிறது.

கடைசியில் என்பிடெல்லுக்கு வந்தேன். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் ஜெர்மன் பாடம் அதில் இருக்கிறது. பன்னிரண்டு வாரம். வீடியோ பார்க்க, வாரப் பயிற்சி எழுதக் காசு வேண்டாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், பரீட்சைக்கு 75. முதலாவதில் பத்தும் இரண்டாவதில் முப்பதும் எடுத்தால் தேர்ச்சி. ஒரு அசட்டுத் தைரியத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். வீட்டுக் கணக்கிலிருந்து போனதால் குறுஞ்செய்தி வசந்தாவின் போனுக்குப் போனது.

"ஆயிரம் ரூபா எதுக்குப் போயிருக்கு?"

"ஜெர்மன் பரீட்சைக்கு."

"ஒரு சிலிண்டர் காசுங்க அது!"

அன்றோடு என் நிலைமை மாறியது. ஓசியில் படித்தவரை நான் படித்தேனா படுத்தேனா என்று இந்த வீட்டில் ஒரு நாதி கேட்டதில்லை. ஆயிரம் ரூபாய் கை மாறியதும் நான் முதலீடாகிவிட்டேன். ஒவ்வொரு வாரமும் கெடு நாள் சாயங்காலமானால், "அசைன்மென்ட் போட்டாச்சா?" என்று கேள்வி வரும். போடவில்லையென்றால் டிவி ரிமோட் மறையும். செல்விகூடக் கூட்டிக்கொண்டே, "ஐயா, அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்பாள். அடிஸ்கேல் ஒன்றுதான் பாக்கி. அந்த வாரங்களில் படித்ததைப் போல நான் துறைத் தேர்வுக்குக்கூடப் படித்ததில்லை. துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போகிறது என்பதை அப்போதுதான் பிடித்துக்கொண்டேன். வினையைக் கடைசியில் சொல்வது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது அல்லவா? இங்கிலீஷிலேயே யோசிக்கிற என் மருமகன் அந்த இடத்தில் இன்னும் தடுமாறுவதைக் கேள்விப்பட்டு, மாமனாருக்கு உரிய பெருந்தன்மையோடு மகிழ்ந்தேன்.

பரீட்சை மையம் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் கணினிக் கூடம். ஹால் டிக்கெட், ஆதார் அட்டை, தண்ணீர் பாட்டில் சகிதம் உள்ளே நுழைந்தேன். முன் இரண்டு வரிசையும் விறைப்பாக எழுந்து நின்றது. "குட் மார்னிங் சார்!" பழக்கதோஷத்தில் "உட்காருங்க, உட்காருங்க" என்று கையமர்த்திவிட்டு என் கணினியைத் தேடிப் போய் உட்கார்ந்தேன். கூடத்தில் ஒரு சலசலப்பு.

பக்கத்துப் பையன் மெல்ல, "சார், நீங்க இன்விஜிலேட்டர் இல்லையா?" என்றான்.

"இல்லப்பா. நான் ஜெர்மன்."

அவன் என் நிறத்தையும் விபூதியையும் ஒரு முறை பார்த்தான். "லாங்வேஜ் எக்ஸாமா சார்? நானும் லாங்வேஜ்தான். ஜாவா."

என்பிடெல்லில் அப்படித்தான். ஒரே கூடத்தில் பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு பாடம் எழுதுவார்கள், காப்பியடிக்க வழியில்லை. பரீட்சை மூன்று மணி நேரம். சிறுநீர் பிரச்னை உள்ள வயதில் மூன்று மணி நேரம் என்பதே ஒரு தனிப் பாடம். ஜாவா சீக்கிரமே எழுந்து போய்விட்டது. நான் கடைசி நிமிடம் வரை ஒரு முள்கரண்டி ஆணா பெண்ணா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பூன்தான் ஆம்பளை என்று வசந்தா ரசத்தில் போட்டது நினைவுக்கு வர, பெண் என்று குறித்தேன்.

தேறிவிட்டேன். சான்றிதழை அச்செடுத்து ஃபைலில் வைத்தேன். அந்த ஃபைலில் நல்வரவு அல்லாத முதல் காகிதம் அது. மதிப்பெண்ணை இங்கே எழுதுவதாக இல்லை. சிலிண்டர் வீணாகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாழினி பொம்மையிடம் என்ன சொல்கிறாள் என்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு இணைய வேகத்தில் என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுமாம். "தாத்தா மறுபடியும் உறைஞ்சு போயிட்டார், நீ பயப்படாதே" என்று பொம்மைக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோடையில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனபோது, சான்றிதழ் பெற்ற ஜெர்மனோடு பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். பாடத்தில் படித்தபடி ப்ரோட்ஷென் கேட்டேன். கடைக்கார அம்மாள் 'வெக்லெ' என்று எதையோ திருப்பிக் கேட்டார். அந்தச் சீமையில் பேசுவது ஷ்வேபிஷ் வழக்கு; சின்ன ரொட்டிக்கு அங்கே அதுதான் பேர் என்று யாழினி எனக்கு மொழிபெயர்த்தாள். மதுரைக்காரரிடம் போய்ச் செய்தி வாசிப்பாளர் தமிழில் இட்லி கேட்டிருக்கிறேன். சரி, விலையாவது புரியட்டும் என்று காதைத் தீட்டினேன். ஜெர்மனில் நாற்பத்தைந்தை 'ஐந்தும் நாற்பதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். நான் மூன்று யூரோ ஐம்பத்து நான்கு சென்ட்டை எண்ணி வைத்தேன். அந்த அம்மாள் ஒன்பது சென்ட்டைத் திருப்பித் தள்ளினார். கணக்குப் பிரிவில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்கள்: கூட்டலில் உதைக்கிற தொகை ஒன்பதால் வகுபட்டால், யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று தேடு. ஒன்பதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐரோப்பாவில் நான் மொழியைப் புரிந்துகொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான், அதுவும் தணிக்கை விதிப்படி. அதன்பின் அந்த அம்மாள் என்னோடு இங்கிலீஷில் பேசினார், பேத்தியோடு ஜெர்மனில் பேசினார்.

ஆகவே படிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்பிடெல்லில் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. சேர்வதற்குக் காசு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் பரீட்சைக் கட்டணத்தைக் கடைசித் தேதி வரை இழுத்தடிக்காமல் பதிவு திறந்த அன்றே கட்டிவிடுங்கள். கட்டிய குறுஞ்செய்தி மட்டும் உங்கள் போனுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.